விதை தின்னும் கண்

அங்குரானந்த சுவாமியின் தீர்த்தம் பட்டால் பிளாஸ்டிக் பூக்கூட மொட்டு விடும் என்று கொழும்புக் கொட்டாஞ்சேனை முழுக்கப் பேச்சு. அவருடைய ஆச்சிரமத்தில் பட்டுத்துணியை விலக்கினால், நாற்றுத் தட்டு நிறைய விரலுயரக் கீரை பச்சைப்பசேலென்று நிற்குமாம். சனம் பஸ் பிடித்து வந்தது, ஓட்டோ பிடித்து வந்தது. விசா கிடைக்காதவர்களும் வந்தார்கள். முளைக்க வேண்டியது எதுவானால் என்ன?

மரக்கறி விலை ஏறிய காலம். வெள்ளவத்தையில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் பன்னிரண்டு குடும்பங்களும் மொட்டை மாடியில் தட்டு வைத்துக் கீரை விதைத்தன. மாலையில் தட்டுக்கு மூன்று கரண்டி தீர்த்தம். காலையில் பார்த்தால் மண் இருந்தது, விதை இல்லை. அழுகவுமில்லை, காயவுமில்லை, காணாமற்போயிருந்தது. மூன்று தரம் விதைத்தார்கள், மூன்று தரமும் அதே கதை. படித்த மனிதர்கள் அல்லவா, விதை எங்கே போனதென்று தேடவில்லை. தீர்த்தத்தைக் கூட்டினார்கள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று சுவாமியே மாடிக்கு எழுந்தருளினார். தம் பசுந்தட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடினார்.

"கண்ணூறு," என்றார். "தினமும் வாளியோடு இந்த மாடியேறும் ஒரு பெண்ணின் கண். அவள் இங்கே இருக்கும்வரை புல்லும் முளையாது."

வாளியோடு ஏறுகிறவள் அங்கே ஒருத்திதான். படிக்கட்டுக் கூட்டி, மாடி கழுவி, கீழே தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கும் றஞ்சிதம். வேலை போனால் அறையும் போகும். மலையகத்தில் தேயிலை நாற்றுமேடையில் எட்டு வருடம் வேலை செய்தவள். தட்டுக்குத் தட்டு எறும்புச் சாரி போவதை முதல் வாரமே கண்டு சொன்னவளும் அவள்தான். கூட்டுகிறவள் சொல்லையும் தூசியோடு சேர்த்துக் கூட்டி ஒதுக்கிவிட்டார்கள்.

கட்டடக் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார். "றஞ்சிதம், குறை நினையாதை. மாசக் கடைசியோட நீ வேற இடம் பார்."

"போறேங்க ஐயா. அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கலாமா? என் கண்ணு ஒரு தட்டை மட்டும் பாத்துட்டு மத்ததை விட்டுருமா?"

"பட்ட இடமெல்லாம் பஸ்பம்!" என்றார் சுவாமி.

"அப்ப சரிங்க. ஒரே மண்ணு, ஒரே விதை, ரெண்டு தட்டு. ஒண்ணுக்குத் தீர்த்தம், ஒண்ணுக்குப் பைப்புத் தண்ணி. நான் நடுவுல குந்திக்கிட்டு ரெண்டையும் பாக்குறேன். ரெண்டும் போச்சுன்னா மாசக் கடைசி எதுக்கு, இன்னைக்கே போறேன்."

"பாவம் அங்கிள், செய்து பாக்கட்டுமே," என்றாள் மூன்றாம் மாடி அனுஷியா. பாவத்தைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம்.

தட்டுகள் வந்தன. றஞ்சிதம் நடுவில் குந்தினாள். இடப்பக்கம் ஒரு முறைப்பு, வலப்பக்கம் ஒரு முறைப்பு. எறும்பு எந்த நேரம் வருமென்று அவளிடம் எழுதியா கொடுத்திருக்கிறது?

எல்லோரும் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்முன் சுவரோரமாக ஒரு செவ்வெறும்புச் சாரி புறப்பட்டது. பைப்புத் தண்ணீர்த் தட்டை அது எட்டியும் பார்க்கவில்லை. நேரே தீர்த்தத் தட்டில் ஏறியது. நக்கியது. பிறகு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்பதுபோல ஆளுக்கொரு கீரை விதையைத் தூக்கிக்கொண்டது.

"இது எறும்பு வடிவில் வந்த பூதம்!" சுவாமி எழுந்தே விட்டார்.

அனுஷியா தீர்த்தத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "அங்கிள், இது கர்ப்பூரம் போட்ட சீனிப்பாணி!"

முத்துலிங்கத்தின் முகம் வெளிறியது. "நான் விடியக்காலமை ஒரு கரண்டி குடிக்கிறனான். ரெண்டு மாசமாச் சீனி வருத்தம் இறங்கேல்லை, அதுவும் கண்ணூறெண்டெல்லோ இவர் சொன்னவர்!"

"விசுவாசக் குறைவு!" சுவாமி உறுமினார். "என் தட்டைப் பாருங்கள்! எல்லாம் இதே தீர்த்தத்தில் வளர்ந்தது!"

"அப்படீங்களா?" றஞ்சிதம் தீர்த்தக் குப்பியை எடுத்தாள். "அப்ப அதுக்கும் ரெண்டு கரண்டி ஊத்திவிடுறேங்க."

சுவாமி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு துள்ளினார்.

"ஊத்தாதை! எறும்பு வந்திடும்!"

தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்ததும், சுவாமி லிஃப்டுக்கும் காத்திராமல் ஐந்து மாடியையும் படியால் இறங்கினார். அது றஞ்சிதம் காலையில் கழுவிய படி, வழுக்கவில்லை.

முத்துலிங்கம் வேட்டியைச் சரிசெய்தார். "றஞ்சிதம், நான் சொன்னதை மறந்திடு. நீ இங்கையே இரு."

இத்துடன் எல்லோருக்கும் புத்தி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் விடிய றஞ்சிதத்தின் அறை வாசலில் வரிசை. முன்னால் அனுஷியா, கையில் நாற்றுத் தட்டு, தட்டின்மேல் வெற்றிலை, வெற்றிலையில் காணிக்கை.

"உன்ர கை ராசியான கை றஞ்சிதம். ஒருக்கால் தொட்டுத் தா. எல்லாம் முளைக்கும்."

றஞ்சிதம் வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். தலைவர் ஐயாவும் நின்றார்.

"கையெல்லாம் வேணாம்மா. அகலமான தாம்பாளத்துல நாலு சிரட்டையைக் கவுத்து அதுமேல தட்டைத் தூக்கி வைங்க, சிரட்டையைச் சுத்தித் தண்ணி நிக்கட்டும். சாப்பாட்டு அலுமாரிக் காலுக்கு வீட்டுல செய்யிறதுதானே," என்றபடி வாளியைத் தூக்கினாள். "எறும்புக்குத் தலை கடுகளவுதாங்க. அது அதையும் பாவிக்குது."