ஒரு சொட்டும் உள்ளே வராது

புது ரப்பரை மாட்டிய பிறகு காரின் கதவு சாத்திக்கொள்ளவே மாட்டேன் என்றது. நொட்டையார் மெதுவாகச் சாத்திப் பார்த்தார். இடுப்பால் இடித்துப் பார்த்தார். திட்டியும் பார்த்தார். விரல் தடிமனுக்கு இடைவெளி விட்டு அது பல்லிளித்துக்கொண்டு நின்றது.

நொட்டையார் என்பது தெரு வைத்த பெயர். அது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியாது. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை.

கார் முப்பது வருடப் பழசு. இரண்டே இருக்கை வைத்த, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். போன மழையில் கதவோரம் ஒழுகி, பக்கத்தில் இருந்த மனைவி தொப்பலாக நனைந்து, நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அதற்கப்புறம் அவள் அதில் ஏறவில்லை. அந்த இருக்கை காலியாகவே கூட வருவதை அவரால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் ரப்பர் வாங்கி வந்திருந்தார்.

"ஏங்க, ரப்பரைத் திருப்பிப் போட்டிருக்கீங்களோ? மடிப்பு வெளிப்பக்கமா இருக்கே" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

"ஆமா, நீ கார் கம்பெனியில மேஸ்திரி பாரு! உள்ள போய் அடுப்பைப் பாரு."

அவள் போனதும் திருப்பிப் போட்டார். கச்சிதமாகப் பொருந்தியது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கதவு இப்போது சாத்திக்கொண்டது. ஆனால் மூலையில் ரப்பர் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. பசை டப்பாவைத் திறந்தார். கொஞ்சம் தடவினார், நிற்கவில்லை. நிறையத் தடவினார், நின்றது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கதவுக்கும், கண்ணாடி ஓரத்துக்கும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலச் சுற்றிலும் அடித்துவிட்டார். பசை தீப்பிடிக்கும் சாதி என்பதால் பாட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். விஷயம் தெரிந்தவர்.

"ஒரு நாள் முழுக்கக் காயணும்னு டப்பாவுல போட்டிருக்குங்க" என்றாள் மறுபடி வாசலுக்கு வந்த மனைவி.

"எனக்குப் படிக்கத் தெரியாதா? பெரிய மேதாவி! தண்ணிக் குழாயை இழுத்துட்டு வா. நான் உள்ள உக்காந்து ஒழுகுதான்னு பாக்குறேன், நீ வெளிய இருந்து அடி. ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது."

உள்ளே உட்கார்ந்து கதவை ஓங்கிச் சாத்தினார். அவள் நாலா பக்கமும் பீய்ச்சினாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. "கடவுளே, நீ இருக்கப்பா" என்று நெஞ்சாரச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

திறக்கவில்லை.

பசை தன் கடமையைச் செய்திருந்தது. காரோடு ரப்பரையும் ரப்பரோடு கதவையும் பாகுபாடில்லாமல் ஒட்டியிருந்தது. தோளால் முட்டினார். அந்தப் பக்கத்துக் கதவை உதைத்தார். கண்ணாடியை இறக்கலாம் என்று கைப்பிடியைச் சுற்ற, அது கையோடு கழன்று வந்தது. ஹார்னை அழுத்தினார். பாட்டரி ஓரமாகப் பத்திரமாக இருந்தது.

பசை வாடை நெஞ்சை அடைத்தது. மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை.

"கதவைத் திற! வெளிய இருந்து இழு!" என்று கத்தினார்.

அவள் குழாயை இடது பக்கம் திருப்பினாள்.

வேண்டாம் என்று கையை ஆட்டினார். வலது பக்கம் திருப்பினாள். இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தார். அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மாடி ஜன்னலில் மகள் தெரிந்தாள். "அம்மாடி! அம்மாடி!" என்று கத்தினார். மகள் பார்த்தாள், திரையை இழுத்து மூடினாள். கடைக்குப் போக எதிர்வீட்டு வக்கீல் தெருவில் வந்தார். "வக்கீல் சார், காப்பாத்துங்க!" வக்கீல் திரும்பிப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், நடையை எட்டிப் போட்டார்.

யாருக்கும் காது கேட்கவில்லையே என்று தவித்தார் நொட்டையார். இவ்வளவு நல்ல ரப்பரா! வாழ்நாளில் அவர் ஒரு குறையும் சொல்ல முடியாத சாமான் அதுதான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தக் காலி இருக்கையில் சாய்ந்தார்.

பக்கத்து வீட்டுக்கு அன்று காலைதான் குடிவந்த நர்ஸ் பெண், துணி காயப்போட வெளியே வந்தவள், ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். காரில் ஒரு காலை ஊன்றிக் கதவை இழுத்தாள். ரப்பர் நார்நாராகப் பிய்ந்துகொண்டு வர, நொட்டையார் ஈரத் தரையில் உருண்டு விழுந்தார்.

"ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல. மெதுவா மூச்சை இழுங்க" என்று முதுகைத் தடவினாள். முன்பின் தெரியாத கை. அது கொடுத்த ஆறுதலில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். பின்னாலேயே மகள்.

"என்னம்மா நீங்க! கண்ணாடியத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போயிருக்கு. உதவிக்கு இப்படிக் கூப்பிட்டிருக்காரு, வீட்டுல ஒருத்தர்கூடவா பாக்கல?" என்றாள் நர்ஸ்.

மனைவி அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள்தான் வாயைத் திறந்தாள்.

"பாத்தோம்க்கா... எப்பவும் போலத் திட்டுறார்னுல்ல நெனச்சோம்."