இருபது நிமிடத் தலைவர்

எனக்குக் கட்சி கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது களைத்துப்போய், யாராவது கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில். தேர்தல் வட்டார எல்லைகளை மாற்றப் போகிறார்கள், ஊரவர்கள் யோசனை அனுப்பலாம் என்று அறிவித்தல் வந்தது. கடற்கரைக் குறிச்சியை நடுவால் பிரித்து இரண்டு வட்டாரங்களில் போடப் பார்க்கிறார்கள் என்று கதை. பிரித்தால் கடற்றொழில் செய்கிற சனத்தின் ஆள் இரண்டிலுமே வெல்ல முடியாது. ஆகவே யோசனை எழுத ஒரு குழு, அதற்குக் கட்சி சாராத ஒரு தலைவர். அரசாங்கத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்ற என்னைப் பிடித்தார்கள்.

இரண்டு கட்சிக்காரர் வீடு தேடி வந்தார்கள். இருவரையும் வாசல் படலையிலேயே நிறுத்தி அனுப்பினேன். (அவ்வளவு நடுநிலை!)

கூட்டத்தில் என்னைத் தலைவர் கதிரையில் இருத்தியதும், நானே எழுதிய விதியை மேடையில் எழும்பி நின்று வாசித்தேன். தலைவரோ அவரது வீட்டாரோ எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது. சம்மதமானவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லாரும் தூக்கி இறக்கினார்கள். ஒரு கை மட்டும் இறங்கவில்லை. என் மனைவி மல்லிகாவின் கை.

"அப்ப நீங்கள் தலைவரா இருக்கேலாதப்பா," என்றாள். "நான் மூண்டு மாசத்துக்கு முதல் கட்சியில சேர்ந்திட்டன்."

எனக்குத் தெரியாதே என்றேன். சாட்சிக் கையெழுத்தே நான்தான் வைத்தேனாம். புட்டுச் சாப்பிடும்போது ஒரு படிவத்தை நீட்டினாள். வாசிகசாலைப் படிவம் என்று நினைத்து, வாசிக்காமல், இடது கையால் கிறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சபை சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. முன்வரிசையில் இருந்த ஒருவர், மாஸ்டர் நல்ல மனுசன், விதியைக் கொஞ்சம் தளர்த்துவோம் என்றார். (நான் பள்ளிக்கூட மாஸ்டரும் இல்லை.) வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது.

மல்லிகா என்னைப் பார்த்தாள். "பிறகு ஆரும் இதைக் கண்டுபிடிச்சால் எங்கடை யோசனையைக் குப்பையில போடுவாங்கள். இறங்கி வாங்கோ."

இறங்கினேன். இருபது நிமிடம் தலைவராக இருந்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது றீற்றா அக்காவைத் தலைவராக்கினார்கள். கட்சியும் இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. நான் சனம் இருந்த கதிரைகளை அடுக்கினேன். அவர் அனுப்பிய யோசனையில் எந்தக் கட்சியாலும் குறை பிடிக்க முடியவில்லை. குறிச்சி பிரியாமல் தப்பியது.

இன்றைக்கும் வீட்டில் யாராவது ஒரு விசயத்துக்கு என் அபிப்பிராயம் கேட்டால், நான் வாய் திறக்க முன் மகள் சொல்லிவிடுவாள்:

"அப்பா நடுநிலை. அம்மா எந்தப் பக்கம் எண்டு கேட்டிட்டுச் சொல்லுவார்."