நூற்று அறுபத்தெட்டு

"நூத்தி அறுபத்தெட்டு," என்றபடி ஃபிட்டரின் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார் செகண்ட் ஆபீசர். கப்பலில் மருந்துப் பெட்டியும் பிரஷர் பார்க்கும் கருவியும் அவர் பொறுப்பு.

அடுத்த துறைமுகத்தில் ஃபிட்டருக்கு மருத்துவச் சோதனை. நூற்று நாற்பதைத் தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐம்பது வயதில் வேறு கப்பலில் எவன் வேலை தருவான்?

"உப்பைக் குறைங்கண்ணே. நாளைக்கு இதே நேரம் வாங்க."

ஃபிட்டர் சமையற்காரரிடம் போனார். "எனக்கு மட்டும் உப்பில்லாம போடுப்பா."

"உனக்குத் தனி அடுப்பு மூட்டவா?" என்றவர், பத்தொன்பது பேருக்கும் உப்பில்லாமல் இறக்கினார். ஃபிட்டர் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள்.

மறுநாளும் நூற்று அறுபத்தெட்டு.

"சிகரெட்டை விடுங்கண்ணே."

விட்டார். பின்தளத்தில் புகையோடு கதை பேசிய நாலு பேரும் சிகரெட்டோடு சேர்ந்தே போனார்கள்.

நூற்று அறுபத்தெட்டு.

"நடங்கண்ணே."

மேல்தளத்தில் நாற்பது சுற்று. கீழே தூங்கிக்கொண்டிருந்த, தளத்து ஆட்களுக்குத் தலைவரான போசன் தலையை நீட்டினார். "யோவ், ஊர்வலம் போக என் தலைதான் கிடைச்சுதா?" அதோடு அவரும் பேச்சை நிறுத்தினார்.

ஃபிட்டர் போனில் மனைவியிடம் சொன்னார். அவள் அழுதாள். அதைக் கேட்டால் இன்னும் ஏறுமே என்று வீட்டுக்குப் பேசுவதையும் குறைத்தார்.

நூற்று அறுபத்தெட்டு.

சாப்பாட்டறைச் சுவரில் கம்பெனி ஒட்டிய இதயநலச் சுவரொட்டி இளித்தது: 'குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடுங்கள்.' கரையில் உட்கார்ந்து எழுதிய புண்ணியவான். இங்கே கரையைக் கண்ணால் பார்த்தே பதினோரு நாள்.

கடைசியில் ஃபிட்டருக்கு மிஞ்சியது மாலை நாலரை மணி மட்டும். செகண்ட் ஆபீசர் சர்க்கரை இல்லாத டீ ஊற்றி வைத்திருப்பார். ஃபிட்டருடைய மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்பார். நின்றுபோன தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார். பிறகுதான் பட்டையைச் சுற்றுவார்.

துறைமுகத்து டாக்டர் இரண்டு முறை பார்த்தார். "நூத்தி இருபத்திரண்டு. நல்லா இருக்கீங்க. சிகரெட்டை மட்டும் திரும்பத் தொட்டுடாதீங்க."

ஃபிட்டர் ஏணிப்படியில் தடதடவென்று ஏறி ஓடினார். "சார்! உங்க மெஷின் பொய் சொல்லுது!"

செகண்ட் ஆபீசர் பட்டையைத் தன் கையிலேயே சுற்றிப் பொத்தானை அழுத்தினார். நூற்று அறுபத்தெட்டு.

"தெரியும்ணே, ரிப்பேராகி மூணு மாசமாச்சு. சொல்லியிருந்தா மறுநாள் என் கதவை யாருண்ணே தட்டியிருப்பா?"