மின்னழுத்தம் கூட்டற்க

தூய தமிழ் எழுதுவதனால் எவருக்கும் தீங்கு நேராது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். மும்பைச் செம்பூரில் எங்கள் வீட்டுக் கணினி அந்நம்பிக்கையைக் கருக்கிவிட்டது.

என் மகள் வான்மதி அசைபடக் கலை பயின்றவள். வேலை வேண்டி, தான் ஆக்கிய மூன்று நிமிடப் படத்தை அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு நிறுவனத்திற்கு அனுப்பியாக வேண்டும். வரைந்த காட்சிகளை முழுப் படமாக்கித் தர எங்கள் கணினி பத்து மணி நேரம் கேட்டது. கையிலிருந்ததோ எட்டு.

கணினியின் செயலியை அதன் இயல்புக்கு மேல் விரைந்து துடிக்கச் செய்யலாம் என்று கண்டறிந்து சொன்னவன் அவளுடன் பயின்ற நிகில், பாண்டுப்வாழ் மராட்டியன். (அச்செயலுக்கு 'மிகைத்துடிப்பு' என்று அக்கணமே பெயர் சூட்டினேன். எவரும் கேட்கவில்லை.) அவன் அழைத்தபோது மகள் குளித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை நான் எடுத்தேன்.

"அங்கிள், மல்டிப்ளையர் படாவோ. லேகின் வோல்டேஜ் மத் படானா. பில்குல் நஹி!"

துடிப்பை விரைவாக்கும் பெருக்கெண்ணை உயர்த்தலாம், மின்னழுத்தத்தை உயர்த்தவே கூடாது என்பது பொருள். எந்த எண், எவ்வளவு நேரச் சோதனை என்பதையும் சொன்னான். அனைத்தையும் செவ்விய தமிழில் எழுதி வைத்தேன்:

"பெருக்கெண் நாற்பத்திரண்டு ஆக்குக. மின்னழுத்தம் கூட்டற்க. ஒரு மணி நேரம் சோதித்து, கணினி நிலைத்து நின்றபின் பணி தொடங்குக."

'கூட்டாதே' என்றே எழுதியிருக்கலாம். ஆனால் 'கூட்டற்க' என்னும் எதிர்மறை வியங்கோளின் மிடுக்கு அதற்கு உண்டா? தாளை இருமுறை வாசித்து மகிழ்ந்து, மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றேன்.

மும்பைப் பள்ளியில் பயின்ற என் மகள் தமிழ் வாசிப்பது, ஓடும் ரயிலில் தொற்றுவது போன்றது. ஓர் எழுத்தைப் பற்றிக்கொண்டு அடுத்ததற்குத் தாவுவாள். சற்று நேரத்தில் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அப்பா! மின்னழுத்தம்னா வோல்டேஜ்தானே?"

"ஆம் அம்மா."

"நீங்க எழுதின மாதிரியே பண்ணிடவா? டெஸ்டுக்கு டைம் இல்ல, ஸ்கிப் பண்றேன்."

தலையில் நுரை, காதில் நீர். பிற்பகுதி கேட்கவில்லை. "ஓரெழுத்தும் பிறழாமல் செய்!" என்று முழங்கினேன்.

கணினி பாய்ந்து ஓடியது. "கண்டாயா? தமிழில் சொன்னால் இயந்திரமும் விரைகிறது" என்று மனைவியிடம் பெருமை பேசினேன்.

"அது கெடக்கட்டும். உள்ள என்னங்க, மிக்ஸி ஓடுத மாதிரி சத்தம்?" என்றாள் அவள்.

ஓடியது கணினியின் விசிறி. நாங்கள் உள்ளே நுழைவதற்குள் திரை கறுத்தது. மூன்று முறை உயிர்ப்பித்தோம். மூன்று முறையும் அது சூடேறி மயங்கிற்று. தொலைபேசியின் ஒலிபெருக்கியில், யார் கூட்டியது என்று நிகில் அலறினான்: "அரே, வோல்டேஜ் கிஸ்னே படாயா?"

"அப்பாதான் ஏத்தச் சொன்னாங்க!" மகள் தாளை நீட்டினாள். "பாருங்க, கூட்டற்க... கூட்டறதுக்கு! எவ்வளவுன்னு போடலியா, அதான் தாராளமா வச்சேன்."

"அம்மா, அது எதிர்மறை வியங்கோள்…"

"க்யா?" என்றது ஒலிபெருக்கி.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, கூட்டாதன்னு எழுத மை பத்தலியோ?"

முப்பதாண்டுகள் இலக்கணம் கற்பித்த நான் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினேன்.

நிகில் ரயிலேறி, ஆட்டோ பிடித்து ஓடிவந்து, அனைத்தையும் பழைய அளவுக்கே திருப்பினான். கணினி நிலைத்து நின்றது. தன் பழைய நடையிலேயே நடந்தது. ஆறு மணிக்கு ஆயத்தமாக இருந்தது ஒன்றே முக்கால் நிமிடப் படம். கதையில் மாடியிலிருந்து விழுந்த பூனை தரை சேராமலே அனுப்பப்பட்டது.

வேலை கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வாஷியில் வேறு வேலை அமைந்தது. அந்நான்கு மாதமும் கணினியின் நிலைத்தன்மையைச் சோதிப்பதாகச் சொல்லி நிகில் ஞாயிறுதோறும் வந்தான். கணினிக்கு ஒரு குறையுமில்லை என்பது எனக்கு மிகத் தாமதமாகவே விளங்கிற்று.

இன்று அவன் என் மருமகன். இத்தனை ஆண்டுகளில் அவன் கற்றது ஒரே தமிழ்ச் சொல். என் மனைவி மேலும் சோறிட வரும்போதெல்லாம் தட்டைக் கையால் மறைத்து, மராட்டியில் அம்மா என்றழைத்துக் கெஞ்சுவான்:

"ஆயி, கூட்டற்க!"

"கூட்டறதுக்குத்தானே மாப்ள வந்திருக்கேன்" என்று அவளும் இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பாள்.