ஓடப் போகிற மாப்பிள்ளை

அரைகுறையாகப் படித்தவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகம். நான் அரைகுறையாகப் படித்தது அனிமேஷன்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். ஆம்பூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வேலூருக்குப் போய் ஒரு மாடி அறையில் கற்றுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் (போகாத நாளே இல்லை) மாஸ்டர் பழைய வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைப் படங்களை மேசையில் பரப்புவார்.

"பாருங்கடா, இந்த ஓவியருங்க கம்ப்யூட்டரைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல. ஆனா இந்த வீரன் பாயப் போறான்னு உனக்குத் தெரியுதில்ல? உடம்பு பின்னால சாயுது, குதிகால் தூக்கிடுச்சு. எதைச் செய்யறதுக்கும் முன்னாடி உடம்பு காட்டிக் குடுத்துடும்."

பாய்ந்த பிறகு மேல்துண்டு கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வரும் என்பதையும் அந்தப் படங்களில் காட்டினார். படம் வரையத்தான் சொன்னார். நான் ஆட்களை வேவு பார்க்க எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளைக் குறுக்கினால் உடனே பர்சைப் பிடித்துக்கொள்வேன். (பாவம், தும்மினார்.)

அப்போது என் அக்கா கிரேஸுக்கு வரன் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போய், அம்மா உபவாசம் இருந்து ஜெபித்துக் கிடைத்த மாப்பிள்ளை ஜெயராஜ். ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவு. ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டுப் பெண் பார்த்தார்கள்.

தோலும் ஷூவும் பிழைப்பான எங்கள் ஊர் ஆட்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே ஷூவைப் பார்ப்பவர்கள். "எக்ஸ்போர்ட் குவாலிட்டி!" என்று அப்பா பூரித்துப்போனார். நான் மாப்பிள்ளையின் குதிகாலைப் பார்த்தேன். வலது குதிகால் மேலே தூக்கியிருந்தது. உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. கண்ணோ அடிக்கடி கேட் பக்கம் போனது. அடப்பாவி, அக்காவை விட்டுவிட்டு ஓடப் போகிறான்!

அம்மாவின் காதில் சொன்னேன். "அவரு ஓடப் போறாரும்மா. வேற பொண்ணு இருக்கு போல."

"இன்னாடா உளர்றே? சும்மா கெட."

நான் போய் கேட்டுக்குக் குறுக்கே நின்றேன். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். என் பக்கம் ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான், பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இருவரும் மண்ணில் விழுந்தோம். அவருடைய டை கொஞ்சம் தாமதமாக வந்து என் மூக்கில் விழுந்தது. (அந்த நிலைமையிலும் அதைக் கவனித்தேன் என்றால் பாருங்கள்.)

ஷூ கழன்றது. சாக்ஸில் ரத்தம்.

"சோதனை ஷூங்க," என்றார் மாப்பிள்ளை, முனகிக்கொண்டே. "ரெண்டு கால்லயும் வேற வேற லைனிங். எது கடிக்குதுன்னு போட்டு நடந்து பார்த்துச் சொல்லணும். நாளைக்கு ரிப்போர்ட். கேட்டாண்ட போய் கொஞ்சம் கழட்டிட்டு வரலாம்னு எழுந்தேன்."

அம்மாவின் கை பின்னால் போனது. தோள் திரும்பியது. அடுத்து என்ன வரும் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. தெரிந்து என்ன புண்ணியம்? அறை விழுந்துவிட்டது.

போச்சு, இந்த இடமும் போச்சு என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். "பொண்ணு பார்க்க வர்றப்பவும் வேலையை விடலையா? நல்ல ஆளுதான்," என்றபடி கைக்குட்டையால் கட்டினாள். முதல்முறையாக அவர் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றைக்கும் ஜெயராஜ் மாமா எங்கள் வீட்டு நாற்காலியிலிருந்து எழுந்தால் வீடே திரும்பி என்னைப் பார்க்கும். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவார்.

"மச்சான், பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன். புடிச்சிடாதே."