டோபமைன் அக்காவும் வார்டன் அம்மாவும்

திண்டிவனம் முழுக்கத் தேடினாலும் டோபமைன் அக்காவைப் போல் இன்னொருவர் கிடைக்க மாட்டார். ஊரில் மற்றவர்களுக்குக் கோபம் வரும், காதல் வரும், அழுகை வரும். அக்காவைப் பொறுத்தவரை யாருக்கும் எதுவும் வராது, மூளையில் சுரக்கும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான எங்கள் விடுதியில் அவர் பக்கத்து அறை. மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தினார். அவருடைய சொந்தப் பெயர் கூரியர்காரருக்கு மட்டுமே தெரியும்.

என் அறைத்தோழி கவிதாவுக்கு, காதலித்தவன் தன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அவள் தலையணையை நனைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் போனைக் கேட்டார்.

"அவன் மெசேஜ் வருமான்னு பாத்துக்கினே இருக்க பாரு, அது டோபமைன். கெடைச்சா கூட இவ்ளோ சுரக்காது. கெடைக்குமான்னு காத்துக்கினு இருந்தாதான் சுரக்கும். போனை எங்கிட்ட குட்த்துட்டு அழு."

கவிதாவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

"இப்ப சுரக்குது பாரு, இது நார்அட்ரினலின்" என்றார் அக்கா.

காபி குடிக்கும்போதும் எங்களுக்கு நிம்மதி கிடையாது. "தூக்கத்தைக் கூட்டிக்கினு வர்றது அடினோசின். அது உக்கார வேண்டிய சீட்ல காபி துண்டு போட்டு எடம் புடிச்சிக்குது. தூக்கம் எங்கயும் போவலடி, நின்னுகினே வருது."

எங்கள் வார்டன் அம்மா திட்டுவதில் கெட்டிக்காரர். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அன்றைய காலை அவ்வளவுதான். திடீரென்று ஒருநாள் திட்டு நின்றது. முதலில் விடுதியே கொண்டாடியது. அவர் சாப்பிடாமல், தலை வாராமல், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பதைக் கண்டதும் கொண்டாட்டம் அடங்கியது. அக்காதான் அவரை பஸ் ஏற்றி விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் வார்டன் அம்மா மாத்திரை அட்டையை ஜன்னல் வழியே வீசிவிட்டார். அக்கா போய்ப் பொறுக்கி வந்தார்.

"ஒண்ணும் ஆவல. வாய்தான் காயுது. எனக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?" என்றார் வார்டன் அம்மா.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஒரு நரம்புக்கும் இன்னொரு நரம்புக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து இருக்குதும்மா. செரடோனின்னு ஒண்ணு அந்தச் சந்துல எறங்கி சேதி சொல்லும். சொன்னதும், அனுப்புன நரம்பே அதைத் திரும்ப இழுத்துக்கும். இந்த மாத்திரை அப்டி இழுக்குற வழியை அடைக்குது. செரடோனின் சந்துல இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்."

"அப்பறம் ஏன் எனக்குச் சரியாவல?"

"வழியை ஜல்தியா அடைச்சிடும். நரம்புங்க அதுக்குப் பழகத்தான் சில வாரம் ஆவும். நீங்களா நிறுத்தாதீங்க. வாய் காயறத டாக்டர்கிட்ட சொல்லலாம், நானும் வர்றேன்."

வார்டன் அம்மா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இது என் தப்பு இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றார் அக்கா. அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அன்று முதல் காலை இட்லி முடிந்ததும் மாத்திரையோடு வார்டன் அம்மாவின் அறைக்குப் போவார். வரும்போது முகத்தைப் பார்ப்போம், காலித் தம்ளரைக் கழுவப் போய்விடுவார். எங்களுக்குத்தான் பயமாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு காலையில், குழாயடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"கொழாய தொறந்து வுட்டுட்டு எங்க வேடிக்கை பாத்துக்கினு இருக்க? தண்ணி என்ன உங்க அப்பன் வூட்டுதா?"

தட்டும் கையுமாக ஓடினோம். திட்டு வாங்கிக்கொண்டிருந்தது டோபமைன் அக்கா. வாயில் பிரஷ், கண்ணில் நீர். குழாயை மூடினால் திட்டு நின்றுவிடுமோ என்று மூடாமலே நின்றார்.

இப்போது அக்கா விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்க இறங்கிவிடுகிறேன். அங்கே எனக்கு வேறு வேலை எதுவும் இருப்பதில்லை.