சிவப்பு சோடா குடித்த ஆவி

தாய்லாந்தின் உதோன் தானி ஊரில் அந்த மாதம் மழை பெய்ததா, வயலில் நாற்று பிழைத்ததா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஊர் வாயில் ஒரே சேதிதான். 'நீல மீன்' பார் வாசலில் இருக்கும் ஆவி சோடா குடிக்கிறது!

வாசலுக்கு வாசல் ஆவி வீடு இருக்கிற ஊர் அது. தூண் மேல் ஒரு பொம்மை வீடு, அதற்குள் நிலத்தைக் காக்கும் ஆவி. அதன் முன்னால் சாமந்தி மாலை, ஊதுபத்தி, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா. காலம் காலமாக வைக்கிறார்கள். காலம் காலமாக அது எறும்புக்குத்தான் போகிறது. எந்த ஆவியும் ஒரு வாய் குடித்ததில்லை. அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

ஆசான் கம்சிங் வந்து சேர்ந்த பிறகுதான் ஆவிக்குத் தாகம் எடுத்தது.

வெள்ளை உடுப்பு, கழுத்து நிறையத் தாயத்து, பக்தி வழியும் தொந்தி. பார் முதலாளியம்மா மாலிவானிடம் வந்து, "ஆவிக்கு வீடு பத்தலை, அதான் உனக்கு வியாபாரம் பத்தலை" என்றார். பழைய வீட்டைத் தூக்கிக் கொல்லையில் போட்டார். தானே கொண்டுவந்த தங்கக் கூரை வீட்டை, சுற்றித் திரை கட்டிக்கொண்டு, தன் கையாலேயே நட்டார். பக்கத்திலேயே தனக்கு ஒரு மேடை, மேடையில் பாய். "நான் அருகில் இருந்தால்தான் ஆவி வாய் திறக்கும்." எவ்வளவு கூச்ச சுபாவமுள்ள ஆவி பாருங்கள்!

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் கூட்டம் தெருவை அடைத்தது. பார் பெண்கள், மசாஜ் கடைப் பெண்கள், துக்துக் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்த வெள்ளைக்காரர்கள். கொண்டுவந்த சோடாவை வைக்க வேண்டும். ஆவி வீட்டிலிருந்து நீளும் பொன்னிறக் குழலை ஆசானே அதில் இறக்குவார். மந்திரம் சொல்வார். சோடா விறுவிறுவென்று இறங்கும். "குடிக்குது! குடிக்குது!" என்று தெருவே கைகூப்பும்.

குடித்தால் அதிர்ஷ்டம். குடிக்காவிட்டால் உங்கள் மேல் கெட்ட நிழல். நிழலைக் கழிக்கத் தங்கம் வேண்டும். ஆவிக்கு வெள்ளி ஒத்துக்கொள்ளாதாம்.

அந்த பாரில் மது கலந்து கொடுப்பவள் புவா. அவளும் ஒருநாள் வரிசையில் நின்றவள்தான். மோதிரத்தைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்டாள், ஆவி அரைப் பாட்டிலைக் காலி செய்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு அவள் தோழி சாய்பின் போனாள். பாரில் பாடுகிறவள். சோடாவை மட்டும் வைத்தாள், தட்டில் ஒன்றும் போடவில்லை. சோடா அசையவில்லை.

ஆசான் கண்ணை மூடினார். "நிழல்... பெரிய நிழல்."

அவ்வளவுதான். "கழிப்புப் பண்ணிட்டு வா, அதுவரைக்கும் மேடை ஏறாதே" என்று சொல்லிவிட்டாள் மாலிவான். நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், இன்று சாய்பின் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆசான் கேட்டது அவள் அம்மா விட்டுப்போன தங்கச் சங்கிலியை. அதை விற்றுச் சுட்ட கோழிக்கடை போட வேண்டும் என்று அவள் ஆசையாக வைத்திருந்தாள்.

பீர்ப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். "குடுத்துடுறேன்டி. கூட இருக்கிறவங்களே என்னைப் பேயைப் பாக்கிற மாதிரி பாக்கிறாங்க."

எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த புவாவின் கை நின்றது. "இருடி. நான் மோதிரம் போட்டேன், குடிச்சுது. நீ ஒண்ணும் போடலை, குடிக்கலை. மசாஜ் கடைக்காரி கம்மல் போட்டா, குடிச்சுது. அது என்னடி ஆவி, கையைப் பாத்துட்டு வாயைத் திறக்குது?"

"சாமி விஷயம், வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"நம்ம பாருக்கு வர்ற குடிகாரனே எந்தக் குழல்னு பாக்க மாட்டான். இந்த ஆவிக்கு மட்டும் ஆசான் குழல்தான் வேணுமாம். நாளைக்குச் சங்கிலியோட வா. சோடா நான் கலக்குறேன்."

"அது குடிச்சுட்டா?"

"குடிச்சுட்டா சங்கிலி போகட்டும். நானும் கீழ விழுந்து கும்பிடுறேன்."

மறுநாள் சாயங்காலம் புவா கண்ணாடிக் குவளையோடு வந்தாள். சிவப்பு சோடாவுக்குள் சப்ஜா விதைகள் ஊறி, தவளை முட்டை மாதிரி கொழகொழவென்று மிதந்தன.

ஆசானின் புருவம் ஏறியது. "இதென்ன விதை?"

"வெயிலுக்குக் குளிர்ச்சி ஆசானே. தினமும் வெறும் சோடா குடிச்சா ஆவிக்குச் சலிக்காதா?"

"ஆமா ஆமா, குடிக்கட்டும்!" என்றது கூட்டம். சாய்பின் கையில் சங்கிலி மினுமினுத்தது. ஆசான் விதையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். ஞானம் தோற்றது. குழலை இறக்கினார்.

மந்திரம். சோடா சரசரவென்று இறங்கியது. புவா சாய்பின் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தாள். தோழியின் கோழிக்கடையைத் தானே தொலைத்துவிட்டோமோ?

இரண்டு விரல் இறங்கிய சோடா நின்றது.

ஆசான் மந்திரத்தை உரக்கச் சொன்னார். சோடா அசையவில்லை. இன்னும் உரக்க. நெற்றியில் வியர்வை. வலது தொடை ஒரு மாதிரி துள்ளியது. பாய்க்கடியிலிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ இழுத்தார்...

'டப்!'

வெள்ளை வேட்டியில் இடுப்புக்குக் கீழே சிவப்பாய்ப் பரவியது.

"ஐயோ ரத்தம்! ஆவி கடிச்சிருச்சு!" என்று மாலிவான் அலறினாள்.

புவா குனிந்து முகர்ந்தாள். "ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்குது அக்கா."

பாயை ஒரே இழுப்பாய் இழுத்தாள். மாட்டுக்கு மருந்து ஏற்றும் பெரிய ஊசிக்குழாய், தண்டு கழன்று, சோடா ஒழுகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேடைக்குள் போய், தூணுக்குள் ஏறி, பொன்னிறக் குழலில் முடிந்தது. குழாய் முழுக்க சப்ஜா விதை அடைப்பு.

ஆசான் எழுந்து கையை உயர்த்தினார். "ஆவி கோபமா இருக்கு! எல்லாரும் விலகுங்க!"

"ஆவிக்குத்தான் உடம்பே கிடையாதே?" என்றாள் புவா. "அப்புறம் விதை எந்தத் தொண்டையில சிக்குச்சு ஆசானே?"

முதலில் சாய்பின் சிரித்தாள். மேடை ஏறாமல் கிடந்த குரல், நன்றாகவே எழும்பியது. அதைத் தொடர்ந்து தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும்தான் தங்கம் ஞாபகம் வந்தது. பெண்கள் மேடையைச் சுற்றி வளைத்து, பையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். மோதிரமும் கம்மலும் அவரவர் கைக்குத் திரும்பின. ஆசான் சிவந்த வேட்டியோடு சந்துக்குள் ஓடிய வேகத்தை வெள்ளைக்காரர்கள் ஒன்றுவிடாமல் படம் பிடித்துக்கொண்டார்கள்.

மாலிவான் சாய்பினின் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு நீதான்டி முதல் பாட்டு."

"பாடுறேன் அக்கா. கடை போடுற வரைக்கும்."

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், விச்சியன் என்ற துக்துக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அதெல்லாம் சரி புவா. ஆனா இந்த ஆவியைக் கும்பிட்டு என் முதுகு வலி போயிடுச்சே, அது எப்படி?"

"வண்டியை ஓட்டாம எத்தனை நாள் அண்ணே இங்க வரிசையில நின்னீங்க?"

"அது... ஒரு வாரம் இருக்கும்."

"வண்டியில குலுங்காம நின்னா எந்த முதுகுதான் சரியாகாது?"

விச்சியன் யோசித்தார். அப்போதும் முழுசாக மனம் வரவில்லை. "அப்ப சாமியே கும்பிட வேண்டாங்கிறியா?"

"தாராளமாக் கும்பிடுங்க அண்ணே" என்றாள் புவா, குவளையைக் கழுவ எடுத்துக்கொண்டு. "கையை மட்டும் கூப்புங்க. கூடவே மூளையையும் மூடித் தொலைக்காதீங்க."